திராட்சைத் தோட்டமும் ஊரார் வாழ்வும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்வாண்டு நம் சங்கத்தின் குடும்பச் சுற்றுலா எவ்விடம் என்ற கேள்வி செயற்குழுவில் எழுந்தபோது, இளைஞர் சிலர் கங்காப்பூர் அணைப் பக்கத்து ஒயின் தோட்டங்களுக்குப் போகலாம் என்றனர். பெரியோர் சிலரோ, "திரியம்பகேசுவரரை வணங்கி வருவதே முறை; மது விற்குமிடத்தில் தமிழ்ச் சங்கத்திற்கு என்ன வேலை?" என்று கேட்டனர். முடிவு எட்டாமலே கூட்டம் கலைந்தது. அதனை ஒட்டியே நாம் இன்று சில சொற்கள் கூற முன்வந்தோம்.

மதுவைப் பற்றி நம் முன்னோர் கருத்தே ஒருமுகப்பட்டதன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறு பேசுகிறது. கள்ளுண்ணாமைக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வழக்கைத் தீர்க்க நாம் புகவில்லை. தோட்டங் காண வருவோர் பெருகியதால் சுற்றியுள்ள சிற்றூர்கள் உயர்ந்தனவா, தாழ்ந்தனவா என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் வாழும் இந்த நாசிக் மாவட்டம் உண்ணும் திராட்சைக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஒயின் இங்கே பெருந்தொழிலானது அண்மைக் காலத்தில்தான். சூலா நிறுவனம் 1999-இல் தோன்றி, 2000-இல் தன் முதல் ஒயினை வெளியிட்டது. 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இம்மாவட்டத்து விஞ்சூரிலும், சாங்லி மாவட்டத்துப் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் அமைந்தன. 2005-இல் சூலா தன் தோட்டத்தில் சுவைக்கூடம் திறந்தது. 2008-இல் இசை விழாவும் தொடங்கிற்று. அதன்பின் சனி, ஞாயிறுகளில் மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் கார்கள் வரிசையாக வரலாயின. திண்டோரி, இகத்புரிப் பக்கங்களிலும் ஆலைகளும் விடுதிகளும் எழுந்தன.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. பள்ளிப் படிப்போடு நின்ற கிராமத்துப் பிள்ளைகள் சிலர் விடுதியிலும் சமையற்கூடத்திலும் மாதச் சம்பளம் பெறுகின்றனர். வீட்டைவிட்டு நெடுந்தூரம் செல்லவியலாத பெண்களுக்கும் ஊர்ப்பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது. ஒயின் திராட்சை கரும்பைப்போல் நீரை விழுங்கும் பயிருமன்று.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. உண்ணும் திராட்சைக்கு ஒரு வியாபாரி இல்லையேல் மற்றொரு வியாபாரி உண்டு. விலை போகாவிடில் உலர்த்திக் கிசுமிசாக்கி விற்கலாம். ஒயின் திராட்சையோ சிறியது, விதையுள்ளது, தோல் தடித்தது. ஆலை வாங்காவிட்டால் சந்தையில் அதனைக் கேட்பாரில்லை. உலகப் பொருளாதார நெருக்கடியும், 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலும் ஒருசேர வந்தபோது இவ்வுண்மை புலப்பட்டது. விடுதிகள் வெறிச்சோடின; ஒயின் விற்பனை சரிந்தது; ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. விவசாயிகள் பலர் கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தனர்.

அவர்களுள் ஒருவரை நாம் அறிவோம். பார்சல் அலுவலகத்திற்குத் தக்காளிக் கூடைகளோடு வந்து பழக்கமானவர். ஓர் ஆலையின் வாய்ச்சொல்லை நம்பி மூன்று ஏக்கரில் ஒயின் கொடி நட்டார். காய்ப்புக்கு வந்த வேளையில் வாங்குவோரில்லை. கடன்பட்டு நட்ட கொடியைத் தம் கையாலேயே பிடுங்கினார். அவ்வாண்டு அவர் மகன் படிப்பை நிறுத்தினான். இன்று அதே மகன் வாடகைக் கார் ஓட்டி, சுற்றுலாப் பயணிகளை ஒயின் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்கிறான். "வருவாய் எப்படி?" என்று கேட்டோம். "சனி, ஞாயிறு உண்டு அண்ணா; மற்ற நாள் வீட்டில்தான்" என்றான். இழந்ததும் அத்தொழிலால், பெறுவதும் அத்தொழிலால். ஆகவே நன்று, தீது என்று ஒரே சொல்லில் நாம் எவ்வாறு தீர்ப்புரைப்பது?

இன்னொரு கூட்டத்தாரையும் நினைக்க வேண்டும். அக்டோபரில் கவாத்துக்கும், ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக்கும் சுர்கானா, பேட் தாலுகாக்களிலிருந்து பழங்குடி மக்கள் குடும்பத்தோடு வருகின்றனர். அவர்தம் மலையூர்களில் மழை கொட்டினாலும், கோடையில் பெண்கள் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கின்றனர். விருந்தினர் நீந்தக் குளம் நிரம்புகிறது. பழம் பறித்த கைகளுக்கோ குடிநீர் அரிதாகிறது. தோட்டங் காண வருவோர் கண்ணில் இவர்கள் படுவதில்லை.

2022 ஜனவரியில் பெரிய பல்பொருள் கடைகளிலும் ஒயின் விற்கலாமென்று மாநில அமைச்சரவை முடிவு செய்தது. விவசாயி பிழைப்பான் என்றனர் ஆதரித்தோர். குடும்பங்கள் கெடும் என்றனர் அண்ணா ஹசாரே முதலிய எதிர்த்தோர். விவசாயியின் பெயரை இரு சாராரும் சொன்னார்கள். அவன் கைக்கு என்ன வந்து சேருகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. விலையை எழுத்தில் உறுதி செய்து, இழப்பிலும் ஆலை பங்கேற்றால் இத்தொழில் ஊரை வாழ்விக்கும். இலாபம் ஆலைக்கும் நட்டம் உழவனுக்கும் என்றானால், எத்தனை விடுதிகள் எழுந்தும் பயனில்லை.

ஆதலால், செயற்குழுவிற்கு ஒரு விண்ணப்பம். பிப்ரவரியில், அறுவடைக் காலத்தில் புறப்படுவோம். காலையில் திரியம்பகத்தில் வழிபாடு. பின்னர், தெரிந்த விவசாயி ஒருவரின் தோட்டம். கொடி எப்படிப் படர்கிறது, கொத்தை எப்படிக் கத்தரிக்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் காணட்டும். பறிப்பவரோடு நமக்குத் தெரிந்த மராத்தியில் நான்கு வார்த்தை பேசட்டும். கிசுமிசை அவர் வீட்டிலேயே விலை பேரம் பேசாமல் வாங்குவோம். காரையும் அந்தப் பிள்ளையிடமே, வேலையில்லாத வார நாளொன்றில், விடுமுறை எடுத்து அமர்த்துவோம். சுவைக்கூடத்துக்குப் போவதும் போகாமையும் அவரவர் விருப்பம்; சங்கத்தின் பெயரால் வேண்டா.

நாமும் இம்மண்ணுக்கு வந்தவர்களே. வந்த இடத்தில் இருப்போர் மனம் நோகாமல் நடப்பதை நம் தந்தையர் இக்காலனியில் நமக்குக் கற்பித்தனர். ஒருநாள் விருந்தினராகச் செல்லும் ஊரிலும் அதனை மறவாதிருப்போம்.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் இம்மண்!