கச்சானும் வாடையும்: குதிரை வளர்ப்போர் கவனத்துக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரையோரம் வந்த வெனிஸ் நாட்டுப் பயணி மார்க்கோ போலோ, அங்குக் கண்டு வியந்தவற்றுள் குதிரை வாணிகமும் ஒன்று. அரபு நாட்டுத் துறைகளிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் மரக்கலங்களில் வந்திறங்கின. மன்னர்கள் அவற்றுக்குப் பொன்னை வாரி வழங்கினர். ஆயினும் வாங்கிய குதிரைகளுள் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என அவர் எழுதிவைத்தார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் அங்கு இல்லை. குதிரை வைத்தியர் எவரும் அந்நாட்டுக்குப் போய்விடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர். புல்லுக்குப் பதிலாக வேகவைத்த அரிசியும் இறைச்சியும் உணவாக இடப்பட்டன. குதிரை மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் வாணிகம் நடக்கும்!

இந்த வரலாற்றுக்கும் திருகோணமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோணமலையில் இரட்டைக் கயல் பொறித்தவன் சடையவர்மன் வீரபாண்டியன் என்று குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. பிரெடரிக் கோட்டை வாயிலில் அக்கயல் உருவை இன்றும் காணலாம். கடல் கடந்து வெற்றி கொண்ட அப்பாண்டிய மரபினர் தம் இலாயத்தில் நின்ற குதிரையைக் காக்கவியலாது போயினர். அக்குதிரைகளைக் கொன்ற குற்றத்தை நாட்டின் மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது. அந்நாட்டின் பருவத்துக்கேற்பக் குதிரையைப் பேணும் முறை அறியப்படாததே பெருங்குற்றம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகர் முதலாய பகுதிகளில் இக்காலத்தில் குதிரை வளர்ப்போர் மிகச் சிலரே. மாடும் எருமையும் ஆடும் வளர்ப்போரே மிகுதி. இதனால் ஒரு தீங்கு நேர்கின்றது. குதிரைக்கு நோய் கண்டால் அயலவர் கூறும் யோசனை பெரும்பாலும் மாட்டுக்குரிய யோசனையாகவே அமைந்துவிடுகின்றது. மாடு அசைபோடும் பிராணி. அதன் பெருவயிறு நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும். குதிரையின் இரைப்பையோ எட்டு முதல் பதினைந்து லீற்றர் வரையே கொள்ளும். அதனால் அசைபோடவும் இயலாது. உண்டது ஒவ்வாதபோது வாந்தி எடுக்கவும் இயலாது. ஆகவே ஒரே வேளையில் நிரம்பக் கொடுப்பது மாட்டுக்குப் பொருந்தினும் குதிரைக்குப் பொருந்தாது. சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்தலே முறை. நாள் ஒன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு உலர்ந்த புல் வேண்டும். கொள்ளும் தவிடும் அதற்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகா.

மாட்டுத் தீவனத்தைக் குதிரைக்கு வைப்பதிலும் பேராபத்து உண்டு. கால்நடைத் தீவனங்கள் சிலவற்றில் மொனென்சின் என்னும் மருந்து சேர்க்கப்படுகின்றது. மாட்டுக்கும் கோழிக்கும் அது நன்மை பயக்கும். குதிரைக்கோ மிகச் சிறிய அளவிலும் இதயத் தசையை அழித்து உயிரைப் போக்கும். தீவனச் சாக்கில் எழுதியிருப்பதை வாசியாமல் குதிரைக்கு வைத்தலாகாது.

இனிப் பருவங்களைக் கருதுவோம். கீழ்க்கரைக்கு இரண்டு காற்றுகளே ஆண்டை வகுத்துக் கொடுக்கின்றன. வைகாசி முதல் ஆவணி வரை வீசுவது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மத்திய மலைநாட்டின் மறுபுறத்தில் பெய்துவிட்டு, மலையிறங்கி, வெம்மையும் வறட்சியுமாய்த் திருகோணமலையை அடைகின்றது. ஐப்பசி முதல் தை வரை வங்கக் கடலிலிருந்து வாடை வீசுகின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்போதே கிடைக்கின்றது. கச்சான் காலத்தில் குதிரைக்குப் பகை தாகம். வாடைக் காலத்தில் பகை ஈரம்.

கச்சான் காலத்தில் முதற்கண் வேண்டுவது நீர். நடுத்தர உடலுடைய குதிரை, வேலையின்றி நிற்கும்போதே நாளொன்றுக்கு 25 முதல் 45 லீற்றர் வரை நீர் அருந்தும். வெயிலில் உழைத்தால் அதற்கு இருமடங்கும் வேண்டும். குதிரை மனிதனைப் போன்றே உடலெங்கும் வியர்க்கும். அவ்வியர்வையில் உப்பு மிகுதி. ஆதலால் நீருடன் உப்பும் வேண்டும். உப்புக்கட்டி ஒன்றைத் தொட்டியருகே வைத்துவிட்டால் குதிரை தனக்கு வேண்டிய அளவை நக்கிக்கொள்ளும். வேலையை விடியற்காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, நண்பகலில் காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்துதல் வேண்டும்.

வியர்த்த குதிரைமீது குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. 1996ஆம் ஆண்டு அற்லாந்தா ஒலிம்பிக் போட்டியை ஒட்டி நிகழ்ந்த ஆய்வுகள் அது தவறென்று காட்டின. வெப்பத்தால் தளர்ந்த குதிரையின் உடல் முழுவதும் குளிர்நீரை மீண்டும் மீண்டும் ஊற்றுவதே அதனைக் காக்கும் வழி. குடிநீரையும் மறுத்தலாகாது; சிறுகச் சிறுகப் பலமுறை கொடுக்கலாம்.

தாகம் என்ன செய்யும் என்பதற்கு நெடுந்தீவே சான்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலந்தொட்டு அத்தீவில் குதிரைகள் வளர்க்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அதிகாரி நோலன் அங்குக் குதிரை வளர்ப்பை நடத்தினார். இலாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. அக்குதிரைகளின் வழிவந்தவை வெட்டவெளியில் தாமாகவே திரிகின்றன. ஆற்றுநீர் இல்லாத அத்தீவில் குளமும் துரவும் வற்றும் வறட்சி ஆண்டுகளில், நீரின்றி அவை மாண்டதுண்டு. தலைமுறை தலைமுறையாக வெப்பத்துக்குப் பழகிய காட்டுக்குதிரைக்கே அந்நிலை என்றால், கட்டுத்தறியில் நிற்கும் குதிரைக்குத் தொட்டி வறண்டுவிட்டால் வேறு கதி ஏது?

நீர்க்குறைவின் வழியே வரும் கொடிய நோய் வயிற்றுவலி. உலர்ந்த தீவனம் குடலில் இறுகி அடைத்துக்கொள்கின்றது. கடற்கரைப் பூமியில் இன்னொரு காரணமும் உண்டு: தரையில் இட்ட தீவனத்துடன் மணலும் உட்சென்று குடலில் படிகின்றது. இதனை எளிதிற் கண்டறியலாம். சிறிதளவு சாணத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, நீர் ஊற்றிக் கலக்கி வைத்தால், மணல் அடியில் தங்கும். தங்கும் மணல் மிகுந்தால் தீவனத்தைத் தொட்டியில் இடும் வழக்கத்தை உடனே மேற்கொள்ளல் வேண்டும்.

வயிற்றுவலி கண்ட குதிரை தரையைக் காலாற் கீறும்; தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்; படுத்துப் புரளும்; தீவனத்தைத் தொடாது; சாணமிடாது. அப்பொழுது தீவனத்தை அகற்றிவிட்டு, உடனே கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும். மாட்டுக்குச் செய்வதுபோல மூங்கிற் குழாயால் எண்ணெயோ கஷாயமோ புகட்டுவது பெருந்தவறு. அது நுரையீரலுட் புகுந்து வேறொரு நோயைத் தோற்றுவிக்கும். குதிரை அமைதியாக நின்றால் நிற்கவிடலாம். புரள முயன்றால், நடத்துபவருக்கு ஆபத்தில்லாதவரை மெல்ல நடத்தலாம். குடல் முறுகிய நிலையில் சில மணி நேரத் தாமதமும் உயிரை வாங்கிவிடும்.

வாடை தொடங்கியதும் கவனம் குளம்புக்குத் திரும்புதல் வேண்டும். சேற்றிலும் நனைந்த சாணத்திலும் நின்ற குதிரையின் உள்ளங்குளம்பில், நடுவே முக்கோணமாக உள்ள மெத்தென்ற பகுதி அழுகிக் கறுத்துத் துர்நாற்றம் வீசும். நாள்தோறும் குளம்பைத் தூக்கிச் சுரண்டித் துப்புரவாக்கி, மேடான உலர்ந்த தரையில் நிறுத்தினால் இந்நோய் அணுகாது. இடைவிடாது நனையும் முதுகில் பொருக்குடன் மயிர் உதிரும் தோல்நோய் உண்டாகும். அதற்கும் உலர்ந்த கூரையே முதல் மருந்து. பூஞ்சணம் பிடித்த வைக்கோலையும் கொள்ளையும் இரக்கமின்றி எறிந்துவிடல் வேண்டும். முதல் மழைக்குப் பின் தளிர்க்கும் பசும்புல்லை ஒரே நாளில் வயிறார மேயவிடாமல், ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாகப் பழக்குதல் நன்று.

மழை நீர் தேங்கிய இடத்தில் நுளம்பு பெருகும். வயல்நீரில் வளரும் நுளம்புகள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1985, 1986ஆம் ஆண்டுகளில் அநுராதபுரப் பகுதியில் மக்களை வாட்டியதைப் பலர் மறந்திரார். அந்நோய் குதிரையையும் தாக்கும். ஆயினும் குதிரையிலிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. அதைவிடச் சிறிய ஒருவகைக் கொசு பரப்பும் ஆபிரிக்கக் குதிரைநோய் 1960ஆம் ஆண்டளவில் இந்தியாவரை பரவியது. 2020ஆம் ஆண்டில் தாய்லாந்தில் 500க்கு மேற்பட்ட குதிரைகளை மாய்த்தது. மாலைக் கருக்கலுக்கு முன் குதிரையை உள்ளே கொண்டுவருதல், வாயிலுக்கு நுண்ணிய வலை கட்டுதல், தேங்கிய நீரை வடித்தல் என்பன எளிய காப்புகள்.

பருவம் பாராத ஆபத்துகளும் உள. அவற்றுள் ஏர்ப்புவலி முதன்மையானது. வீட்டுப் பிராணிகளுள் அந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரை. குளம்பில் ஏறிய துருப்பிடித்த ஆணி ஒன்றே போதும். ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் நடை விறைத்து, வாய் பூட்டிக்கொண்டு, கண்ணின் உட்சவ்வு வெளித்தோன்றும். வந்தபின் மீட்பது அரிது. வருமுன் காக்கும் ஊசியோ எளிது. நான்கு முதல் ஆறு கிழமை இடைவெளியில் இருமுறையும், பின் வைத்தியர் சொல்லும் காலத்திலும் இடுதல் வேண்டும். வேலியோரத்து அலரியும் கூற்றுவனே. அதன் இலைகள் சிலவே குதிரையைக் கொல்லப் போதும். வெட்டிய அலரிக் கிளையை மேய்ச்சல் நிலத்தில் எறிதல் கூடாது. குளம்பை ஆறு முதல் எட்டுக் கிழமைக்கொருமுறை சீவுதலும், பற்களை ஆண்டுக்கொருமுறை காட்டுதலும் வழக்கமாதல் வேண்டும். பூச்சி மருந்தைக் கண்டபடி கொடுக்காமல், சாணத்தைச் சோதித்தபின் கொடுப்பதே இன்றைய முறை. இல்லையேல் பூச்சிகள் மருந்துக்கு அஞ்சா.

நோயை அறிய நலத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஓய்விலுள்ள வளர்ந்த குதிரையின் உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. நாடியைத் தாடை எலும்பின் கீழ் விரல் வைத்துப் பார்க்கலாம். ஈறை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். இவற்றைக் குதிரை நலமாயிருக்கும் நாளிலேயே பலமுறை பார்த்துக் குறித்து வைப்போர், நோயுற்ற நாளில் வைத்தியரிடம் தடுமாறாமல் விடை கூறுவர்.

குதிரையைப் பேணுவது வளர்ப்பவர் இலாபத்துக்காக மட்டும் அன்று. நாகமும் விரியனும் தீண்டி இலங்கை மருத்துவமனைகளை அடைவோருக்கு ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து, இந்தியாவில் குதிரைகளின் குருதியிலிருந்தே எடுக்கப்படுகின்றது. மனிதன் உயிரைக் காக்கத் தன் குருதியைத் தரும் பிராணிக்கு, வெயிலில் ஒரு தொட்டி நீரும், மழையில் ஒரு சாண் உலர்ந்த தரையும் கொடுத்தல் பெரிய காரியமன்று. பொன் கொடுத்து வாங்கிய பாண்டியர் கொடுக்கத் தவறியது அவ்வளவே.