அயல்நாட்டுக் கல்வியும் நம் பள்ளிப் பதிவேடும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

    

‘அயல்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை பெறுவது எப்படி?’ என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் கேட்டபோது நான் தயங்கினேன். நான் கடல் கடந்தவன் அல்லன். கடற்கரை வரை சென்று திரும்பியவன். என் படிப்பு பி.ஏ., பி.எட். அவ்வளவே. ஆயினும் செயலாளர் விடவில்லை. “உங்களிடம் படித்தவர் சிலர் வெளிநாடு போயிருக்கின்றனர். அவர்களிடம் என்னென்ன கேட்டார்கள், எங்கெங்கே இடறினார்கள் என்பதைச் சொன்னால் போதும்” என்றார். அதைத்தான் சொல்ல வந்திருக்கின்றேன். அவர்கள் இடறிய இடங்களுள் ஒன்று நான் வைத்த கல். அதையும் மறையாமல் சொல்லிவிடுகின்றேன்.

நம்மில் பலர் இதனை நமக்கு எட்டாத செய்தி என்றே எண்ணுகின்றோம். அவ்வாறு எண்ணுவதற்கு நம் வரலாறு இடம் தரவில்லை. 1913ஆம் ஆண்டு, தம் இருபத்திரண்டாம் வயதில், அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பரோடா அரசு அவருக்கு மூன்றாண்டுகளுக்கு மாதம் 11½ பவுன் உதவித்தொகை தந்தது. படித்து முடித்தபின் பத்தாண்டுகள் அந்த அரசில் பணி செய்வதாக அவர் ஒப்பந்தம் எழுதித் தரவேண்டியிருந்தது. 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்பினார். மீண்டும் பொருள் சேர்த்துக்கொண்டு 1920இல் இலண்டன் சென்று, 1923இல் டி.எஸ்சி. பட்டத்தை முடித்தார். இவ்வளவு பேரறிவு படைத்தவரையும் நிறுத்தி வைத்தது பணமும் காலக்கெடுவுமே அன்றித் தேர்வுத்தாள் அன்று. இன்றும் நம் பிள்ளைகளை வாயிலில் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் அறிவுக் குறைவன்று, காகிதக் குறைவே.

அக்காகிதங்கள் யாவை? முதலில் மதிப்பெண் பட்டியல்கள். கல்லூரியில் நாம் வாங்கி வைத்திருக்கும் பட்டியல் மட்டும் போதாது. எல்லாப் பருவங்களின் மதிப்பெண்களையும் தொகுத்துப் பல்கலைக் கழகமே முத்திரையிட்டுத் தரும் ஆவணம் வேண்டும் என்று பல இடங்களில் கேட்கின்றனர். விண்ணப்பித்த மறுநாளே அது கைக்கு வந்துவிடாது. அடுத்தது, நம் பட்டத்தை அந்நாடு எவ்வாறு மதிக்கின்றது என்பது. அமெரிக்காவில் இளங்கலைப் படிப்பு நான்காண்டு. எனவே நம் மூன்றாண்டுப் பட்டத்தை வைத்துக்கொண்டு நேரே முதுகலைக்கு விண்ணப்பித்தால், சில பல்கலைக் கழகங்கள் ஏற்கும், சில ஏற்கமாட்டா. ஜெர்மனியிலோ, நம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி ஒன்றையே கொண்டு பெரும்பாலும் நேரடியாக இளங்கலையில் சேர இயலாது. மேலும் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் தம் சான்றிதழ்களைப் புதுதில்லியில் உள்ள ஏ.பி.எஸ். என்னும் அமைப்பிடம் சரிபார்த்து, அதன் சான்று பெற்றே அந்நாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் ஆகிவிட்டது. ஆகவே நாட்டைத் தேர்ந்தெடுக்குமுன் அந்நாட்டு விதியைப் படியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போன நாடு என்பதற்காக நீங்களும் அங்கேயே போகவேண்டும் என்பதில்லை.

இனி, என் பிழைக்கு வருகின்றேன்.

என் மாணவி ஒருத்தி. தாய் தந்தையர் இருவரும் கூலி வேலை செய்பவர்கள். அவள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பிய காலத்தில் நான் அவளுக்கு வகுப்பாசிரியன். பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னேன். வீட்டில் தேடிக் கிடைக்கவில்லை என்றாள். எனக்கோ அன்று மாலைக்குள் பட்டியலை முடித்துத் தரவேண்டிய அவசரம். ஆங்கிலத்தில் அந்த ழகரத்துக்கு ‘எல்’ என்ற எழுத்தைப் போட்டேன். சரிபார்த்துக் கையெழுத்திடப் பட்டியலை அவளிடம் நீட்டியபோது அவள் சற்றே தயங்கினாள். “கையெழுத்தைப் போடம்மா, நேரமாகிறது” என்றேன். ஆசிரியர் சொன்னால் தவறாக இராது என்று நம்பி அந்தப் பதினைந்து வயதுக் குழந்தை கையெழுத்திட்டது.

ஆண்டுகள் சென்றன. அவள் எம்.எஸ்சி. முடித்தாள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக் கழகம் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் தர முன்வந்தது. அப்போதுதான் முடிச்சு வெளிப்பட்டது. பிறப்புச் சான்றிதழிலும், சாதிச் சான்றிதழிலும், அவற்றை ஒட்டி எடுத்த கடவுச்சீட்டிலும் ழகரம் ‘இசட், எச்’ என்னும் ஈரெழுத்தாக இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும், அதனை அப்படியே பின்பற்றிய கல்லூரிச் சான்றிதழ்கள் அனைத்திலும் நான் போட்ட ‘எல்’ இருந்தது. போதாக்குறைக்கு, தந்தையின் பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுப்பெயராகவும் இருந்தது. இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று அவள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். அதற்குள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துபோயிற்று. அந்த ஆண்டுச் சேர்க்கையும் கைநழுவிற்று.

அவள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுடைய தாயார்தாம் பள்ளிக்கு வந்து, “ஒரு எழுத்துக்கு ஒரு வருசமாங்க ஐயா?” என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. மறு ஆண்டு அவள் மீண்டும் விண்ணப்பித்துச் சென்றுவிட்டாள் என்பது என் மனத்துக்குச் சிறு ஆறுதல்.

நம் தமிழ்நாட்டில் சாதிப்பெயரைத் துறந்து தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் வழக்கம் நாம் பெருமைப்பட வேண்டிய வழக்கம். ஆனால் அயல்நாட்டுப் படிவங்களில் குடும்பப்பெயர், இடுபெயர் என இரு கட்டங்கள் உள்ளன. கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அதனைக் குடும்பப்பெயராக வைத்து, இடுபெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமாக மூன்றெழுத்து அச்சிட்டுவிடுகின்றனர். பெயர் வைத்து அழைத்து வளர்த்த தாய்க்கு இது எப்படி இருக்கும்! அதற்காக நம் வழக்கத்தை மாற்ற வேண்டுவதில்லை. தலைப்பெழுத்தை விரித்து எழுதுவதாயின் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே வகையாக விரித்து எழுதவேண்டும் என்பதே நான் சொல்வது. அந்த ஒருமைப்பாடு விமான நிலையத்தில் தொடங்குவதன்று. எங்கள் பள்ளிப் பதிவேட்டில் தொடங்குகின்றது.

அடுத்து, பரிந்துரைக் கடிதம். இரண்டு அல்லது மூன்று பேராசிரியர்கள் மாணவனைப் பற்றி எழுதித் தரவேண்டும். இதில்தான் நம் பிள்ளைகள் பெரிதும் பின்தங்குகின்றனர். கடைசி வரிசையில் அமர்ந்து, ஐயம் கேட்க அஞ்சி, மூன்றாண்டுகளையும் பேசாமல் கழித்துவிட்டு, இறுதியில் பேராசிரியர் முன் போய் நின்றால் அவர் என்ன எழுதுவார்? “ஒழுங்காக வந்தான்” என்று எழுதுவார். அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் மாணவனிடத்தில் மட்டும் இல்லை என்பதும் இந்த அவைக்குத் தெரியும். ஆயினும் அறிந்து எழுதும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்வேன். கொலம்பியாவில் அம்பேத்கருக்குக் கற்பித்த செலிக்மன், இலண்டன் பொருளியல் பள்ளியின் பேராசிரியர் பாக்ஸ்வெலுக்கு அவரைப் பற்றிக் கடிதம் எழுதினார். கேரளத்து உழவூரில் வறிய தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன், டாட்டா உதவியோடு 1945இல் அதே இலண்டன் பள்ளிக்குச் சென்றார். படிப்பு முடிந்து திரும்புகையில் அவர்தம் ஆசிரியர் ஹரால்டு லாஸ்கி, நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் தந்தனுப்பினார். அவர் 1997இல் குடியரசுத் தலைவரானார். எனவே கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே இரண்டு ஆசிரியர்களையேனும் நெருங்குங்கள். கேள்வி கேளுங்கள். ஒரு கட்டுரை எழுதிக் காட்டுங்கள்.

விண்ணப்பத்தோடு ‘நான் ஏன் இப்படிப்பை விரும்புகின்றேன்’ என ஒரு கட்டுரையும் எழுதவேண்டும். இதனைப் பணத்துக்கு எழுதித் தருவோர் நகரங்களில் உள்ளனர். அவர்களிடம் போகாதீர்கள். ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றிப் பலருக்கு விற்பார்கள். அங்கே கண்டுபிடித்தால் சேர்க்கை போயிற்று. செங்கற் சூளையில் வேலை செய்து படித்ததை எழுத வெட்கப்பட வேண்டாம். அதையே இரக்கம் வாங்கும் பொருளாக ஆக்கவும் வேண்டாம். என்ன படித்தேன், எந்த வினா என்னைத் தூங்கவிடவில்லை, அதனை அப்பல்கலைக் கழகத்தில் யாரிடம் கற்க விரும்புகின்றேன் என்று எழுதினால் போதும்.

ஆங்கிலத் தேர்வைப் பற்றித் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஓர் அச்சம் உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. மதிப்பு 9 வரை. பல பல்கலைக் கழகங்கள் 6.5 கேட்கின்றன. மதிப்பெண் இரண்டாண்டு வரையே செல்லும். கட்டணமோ பதினையாயிரம் ரூபாய்க்கு மேல். தோற்றால் மறுபடியும் அத்தொகை கட்டவேண்டும். கூலி வீட்டுக்கு இது சிறு தொகையன்று. ஆதலால் பழைய மாதிரி வினாத்தாள்களை வீட்டிலேயே கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்து, தேறுவோம் என்ற நம்பிக்கை வந்தபின் பணம் கட்டுங்கள். ஆங்கிலவழியில் கற்றேன் என்ற கல்லூரிச் சான்றையே ஏற்கும் இடங்களும் உண்டு. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு பணிவாக எழுதிக் கேட்டால் இணங்கும் பல்கலைக் கழகங்களும் உண்டு. கேட்பது இழிவன்று.

பணத்தைப் பற்றி. இங்கிலாந்து விசாவுக்கு, கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்குமான தொகை தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருந்திருக்க வேண்டும். வட்டிக்கு வாங்கி ஒருநாள் வைத்துக் காட்டிவிடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக் கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும் என 2024 செப்டம்பரில் வரையறுத்தனர். இத்தொகை நம்மில் எத்தனை பேரிடம் உண்டு? அதனால்தான் அரசின் உதவித்தொகை நமக்கு உயிர்நாடி ஆகின்றது.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55இல் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி மொத்தம் 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 இலட்சத்துக்கு மிகலாகாது. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு வேண்டும். வயது 35க்கு உட்பட்டிருக்க வேண்டும். இந்நாடு முழுமைக்கும் 115 என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனினும் என்னை வருத்தியது ஒன்றுண்டு. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்று அதே 2022இல் விதி செய்தனர். 1916 மே மாதம் கொலம்பியாவில் அம்பேத்கர் படித்த கட்டுரையின் பொருள் இந்தியாவில் சாதிகள் என்பது. அவ்விதியின்கீழ் அந்த ஆய்வுக்கு ஒரு காசும் கிடைத்திராது.

கிறித்தவராக மாறிய ஆதி திராவிடர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மத்திய உதவி இல்லை. அவர்களையும் உள்ளடக்கியது நம் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம். எதற்கு விண்ணப்பித்தாலும் அவ்வாண்டின் விதியை வரிவரியாகப் படியுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். குறிப்பாக, மத்திய உதவித்தொகைக்கு நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கேட்கின்றனர். பல்கலைக் கழகங்களோ முதலில் ‘இறுதி மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வும் வந்தபின்’ என்ற நிபந்தனையோடுதான் எழுதுவர். ஆகவே ஆகஸ்டில் வகுப்புத் தொடங்குமாயின், அதற்கு முந்திய ஆண்டு ஜூனிலேயே ஏற்பாட்டைத் தொடங்கவேண்டும்.

தரகர்களைப் பற்றி இரண்டே சொல். “இலவசமாகச் சேர்த்து விடுகிறோம்” என்போர் பலர்க்கு அந்தந்தக் கல்லூரியே தரகுப் பணம் தருகின்றது. பணம் தரும் கல்லூரியையே அவர்கள் உங்களுக்குக் காட்டுவர்.

என் பள்ளியில் இப்போது பெயர்ப் பட்டியல் அனுப்புமுன் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்கின்றோம். பட்டியல் ஒருநாள் பிந்தினால் மேலிடத்தில் நான் பேச்சு வாங்கிக்கொள்கின்றேன்.

செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், அவரும் இசைந்துள்ளார். வருகின்ற ஞாயிறு முதல் மாதம் இருமுறை, காலை பத்து மணிக்கு, இக்கட்டடத்தின் கீழ் அறையில் நான் அமர்ந்திருப்பேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்திருப்போர் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, குடும்ப அட்டை ஆகிய நான்கையும் எடுத்து வாருங்கள். சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்காதவர்களும் வாருங்கள். விண்ணப்பத்தை அங்கேயே எழுதிவிடலாம். மூக்குக் கண்ணாடியும் பேனாவும் நான் கொண்டுவருவேன்.