வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு குழாய்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணினி நெட்வொர்க் துறையில் இருப்பவன். ஆகவே, இங்கே பலரும் தினமும் காலையில் 'கனெக்ட்' செய்யும் வி.பி.என். பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த நம்மவர்கள் பலர் லேப்டாப்போடு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். மஞ்சக்குப்பத்து மாடியறையும் கீழவீதித் திண்ணையும் ஆபீஸாயின. அன்றிலிருந்து ஊழியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். ஒன்று, "சார், வி.பி.என். போட்டாச்சு, இனிமே வைரஸ் வராதுல்ல?" இன்னொன்று, "இதைப் போட்டா நான் பாக்குறதெல்லாம் ஆபீஸுக்குத் தெரியுமா?" முதலாமவருக்கு அது தாயத்து, இரண்டாமவருக்கு அது உளவாளி.

நம் மாவட்டத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியே 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. வழியில் யாரும் குடத்தை விட்டு மொள்ள முடியாது. வி.பி.என். செய்வதும் அதுதான். பொது இணையத்தின் நடுவே ஒரு மூடிய பாதை. உள்ளே போவதை வெளியார் படிக்க முடியாது. ஆனால் குழாய் தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை. அதற்கு வடக்குத்தில் தனி நிலையம் இருக்கிறது. பையன் கேம்ஸ் இறக்கிய லேப்டாப்பிலேயே வி.பி.என். போட்டால், அதிலுள்ள கிருமியும் பத்திரமாக ஆபீஸுக்குள் போய்ச் சேரும்!

இரண்டாவது கேள்வி நியாயமானது. சில நிறுவனங்களில் நீங்கள் இணையத்தில் செய்வது எல்லாமே அலுவலகம் வழியாகப் போகும். சிலவற்றில் அலுவலக வேலை மட்டும் போகும். எது என்பதை நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், பயந்தவர் அதை அணைத்துவிட்டுக் கோப்புகளைச் சொந்த மெயிலில் அனுப்பத் தொடங்குவார்.

"நான் லீவு, என் பாஸ்வேர்டைப் போட்டுக்கோங்கண்ணே" என்பதையும் கேட்டிருக்கிறேன். நல்ல மனசுதான், ஆனால் கைமாறுவது வாசல் சாவி. 2021-இல் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, புழக்கத்தில் இல்லாமலும் மூடப்படாமலும் கிடந்த ஒரே ஒரு வி.பி.என். கணக்கின் வழியாக. பாஸ்வேர்டு தவிர அதற்கு வேறு சோதனை இல்லை. மே 7 அன்று நிறுத்திய எரிபொருள் குழாயை மே 12-இல்தான் மறுபடி இயக்கினார்கள். கொடுத்த பணம் சுமார் 44 லட்சம் டாலர்.

கடலூர் சிப்காட்டில் இரசாயன ஆலைகள், நெய்வேலியில் அனல்மின் நிலையங்கள். இத்தகைய இடங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் மூன்று: வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள், பாஸ்வேர்டோடு இரண்டாவது சோதனை ஒன்றையும் வையுங்கள், புதிதாகச் சேரும் பையனுக்கும் பெண்ணுக்கும் இது எதற்கு என்று தமிழில், அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லுங்கள். விளங்கினால் அவர்களே காவல் காப்பார்கள்.