நாற்பது நாளில் இறங்கிய எடை

(உயிர்ப்புக் காலத்தில் வானொலியில் ஒலித்த மறையுரை)



தவக்காலம் முடிந்துவிட்டது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பங்குகளில் நாற்பது நாளும் ஒருசந்தி இருந்தவர்கள் உண்டு. இறைச்சியைத் தொடாதவர்கள் உண்டு. தேநீரில் சர்க்கரையை விட்டவர்கள், மாலை நேர பஜ்ஜி போண்டாவை விட்டவர்கள் உண்டு. பக்திக்காகத்தான் செய்தார்கள், ஆனாலும் கூடவே மூன்று கிலோ, நான்கு கிலோ எடையும் இறங்கியிருக்கும். சட்டை தளர்ந்திருக்கும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கும். பிறகு உயிர்ப்பு ஞாயிறு வருகிறது. அன்று மதியம் பிரியாணி, இரவில் மீதி பிரியாணி, திங்கட்கிழமை மாமியார் வீட்டில் விருந்து. பெந்தக்கோஸ்து வருவதற்குள் இறங்கிய எடை திரும்ப ஏறிவிடுகிறது. சிலருக்கு ஒரு கிலோ கூடுதலாகவே ஏறிவிடுகிறது.

கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் குருக்களைக் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயால் கால்விரலை இழந்தவர், கண் மங்கியவர், வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகிறவர் என்று எத்தனை பேரைப் பார்க்கிறோம்! எல்லோரும் முதியவர்கள் இல்லை. பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் முடிக்காத அப்பாக்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பெண்களில் 40 பேருக்கு இருக்க வேண்டிய எடையைவிட அதிகம். ஆண்களில் 37 பேர்.

எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறைத்த எடையை எப்படிக் காப்பது என்று சொல்லுகிறவர் குறைவு.

லூக்கா நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் ஒரு சிறு கதை உங்களுக்குத் தெரியும். தீய ஆவி ஒருவனை விட்டு வெளியேறுகிறது. வறண்ட இடங்களில் அலைந்துவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பி வந்து பார்க்கிறது. வீடு கூட்டிப் பெருக்கி அழகாக இருக்கிறது. மத்தேயு ஒரு வார்த்தை சேர்க்கிறார்: வீடு காலியாக இருக்கிறது. உடனே தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. அந்த மனிதனின் நிலை முன்பைவிட மோசமாகிறது. ஆண்டவர் இதை உணவைப் பற்றிச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் தவக்காலம் முடிந்த வீடுகளைப் பார்க்கும்போது இந்தக் கதைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. வேண்டாததை வெளியேற்றினோம். அந்த இடத்தில் எதைக் குடிவைத்தோம்?

எடை திரும்ப ஏறிவிட்டால் நாம் உடனே நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். மனஉறுதி இல்லை, நாக்கு அடங்கவில்லை என்கிறோம். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லி வருந்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2011இல் அதன் முடிவு வெளியானது. பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்புகளும் வயிறு நிறைந்ததைச் சொல்லும் சுரப்புகளும் அப்போது மாறின. ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எடை குறைந்தவருக்கு முன்பைவிட அதிகமாகவே பசித்தது. உடம்பு இதைப் பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு, இழந்ததைத் திரும்பச் சேர்க்கப் பார்க்கிறது. இளைத்த உடம்புக்குத் தேவைப்படும் உணவும் குறைவு. ஆக, பசி கூடுகிறது, தேவை குறைகிறது. இதில் தடுமாறுகிறவரைப் பார்த்து வாயைக் கட்டத் தெரியாதவர் என்று சொல்வது அநியாயம்.

அப்படியானால் காப்பது முடியாத காரியமா? முடிந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். குறைந்தது பதிமூன்றரை கிலோ குறைத்து, ஓராண்டுக்கு மேல் அதைக் காத்தவர்கள்தான் அதில் சேர முடியும். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எடையைக் குறைத்த வழிகள் பலவிதம். காத்த வழிகளில் ஒற்றுமை அதிகம். பெரும்பாலோர் காலை உணவைத் தவிர்ப்பதில்லை, வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கிறார்கள் அல்லது அதற்கு ஈடாக உடம்பை அசைக்கிறார்கள். இவர்கள் தாமாக வந்து பெயர் கொடுத்தவர்கள், ஆகவே இதையே எல்லோருக்கும் சட்டமாக்க முடியாது. என்றாலும் வெளியேற்றிய இடத்தில் ஏதோ ஒன்றைக் குடிவைத்தவர்கள் இவர்கள்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்து கற்பிக்கப்பட்டவர்களில் 39 பேருக்கு வந்தது. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவே இல்லை! எடைக் கருவியின் முள் அசையாவிட்டாலும் உடம்புக்குள் நல்லது நடந்தது. முள் நகரவில்லை என்று சோர்ந்து, நடப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அடுத்து, எந்த உணவு யாருக்கு ஏற்றது? இங்கேதான் நம் ஊரில் குழப்பம் அதிகம். பக்கத்து வீட்டு அக்கா கேழ்வரகுக் கஞ்சி குடித்து இளைத்தார் என்றால், தெருவே கேழ்வரகு வாங்குகிறது. கேழ்வரகு நல்ல தானியம். நம் பாட்டன்மார் கூழாகவும் களியாகவும் சாப்பிட்டு, கழனியில் பகல் முழுக்க உழைத்தார்கள். ஆனால் நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி என்றால், கேழ்வரகில் 320. வித்தியாசம் அவ்வளவுதான். மாவை நைசாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, வெல்லமும் போட்டுக் குடித்தால் சிலருக்கு இரத்தச் சர்க்கரை விர்ரென்று ஏறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வொன்று 2025இல் சொன்னதும் இதுதான்: நாம் உண்ணும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, தயிர் போன்ற புரத உணவை வைப்பவர்களுக்குத்தான் அபாயம் குறைகிறது.

இஸ்ரயேல் நாட்டில் 800 பேருக்கு ஒரு வாரம் இரத்தச் சர்க்கரையை விடாமல் அளந்து பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரே ரொட்டி ஒருவருக்குச் சர்க்கரையை ஏற்றியது, மற்றவருக்கு ஏற்றவில்லை. ஒருவருக்கு வாழைப்பழத்தில் ஏறியது, பிஸ்கட்டில் ஏறவில்லை. இன்னொருவருக்கு நேர்மாறு. (அப்படியானால் நான் பிஸ்கட் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள்!) பால் குடித்தால் வயிறு உப்பும் ஒருவருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். வெயிலுக்கு இளநீர் நல்லது என்கிறோம், சிறுநீரகம் பழுதானவருக்கு அதே இளநீர் ஆபத்தாகலாம்.

தானியேல் நூலின் முதல் அதிகாரத்தில் அழகான ஒரு காட்சி. அரசனின் பந்தி உணவு வேண்டாம் என்கிறார் தானியேல். பொறுப்பாளர் பயப்படுகிறார். தானியேல் அவரோடு சண்டை போடவில்லை. பத்து நாள் எங்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் கொடுங்கள், பிறகு எங்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறார். பத்து நாள் முடிந்தபோது அந்த இளைஞர்கள் மற்றவர்களைவிடச் சதைப்பிடிப்போடு இருந்தார்கள் என்கிறது மறைநூல். ஆகவே எடை குறைக்க விரும்புகிறவர் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சோதித்துப் பார்த்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிறவர் பத்து நாள் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிட்டுப் பாருங்கள். பதினொரு மணிக்குப் பசிக்கிறதா, கை நடுங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். சர்க்கரை உள்ளவர் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். அடுத்த பத்து நாள் வேறொன்று. ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

திண்டிவனத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. ஊரின் பெயரையே சுமக்கும் இந்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, அவித்தது, மாலைப் பசிக்கு பஜ்ஜியைவிட மேல். அவிக்காத காய்ந்த பருப்பாக நிறுத்தால், நூறு கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. ஐந்நூறு கலோரிக்கு மேலும் இருக்கிறது, அதனால்தான் கைப்பிடி என்றேன், படி என்று சொல்லவில்லை. மரக்காணத்து மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். இந்த மாதத்தில் நெடுஞ்சாலை ஓரம் குவித்திருக்கும் தர்பூசணியை ஜூஸாக்கிச் சர்க்கரை போடாமல் துண்டாகவே சாப்பிடுங்கள்.

ஆனால் வீட்டார் துணை இல்லாமல் இதெல்லாம் நிற்காது. நம் ஊரில் ஒருவர் இளைத்துவிட்டால் திருப்பலி முடிந்து வெளியே வரும்போதே கேள்வி வருகிறது. "என்னக்கா, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க? சுகரா?" இதைக் கேட்டுக் கேட்டே மறுபடி சாப்பிடத் தொடங்குகிறவர்களை எனக்குத் தெரியும். விருந்துக்குப் போனால் "எங்க வீட்டுச் சோறு பிடிக்கலையா மாமா?" என்று இன்னொரு கரண்டி விழுகிறது. அன்பின் பெயரால்தான் செய்கிறோம், மறுக்கவில்லை. ஒருவர் போதும் என்று இலையை மறைத்தால், அந்தக் கையை விலக்காதீர்கள். வீட்டுப் பெண்கள் படும் பாட்டையும் ஆண்கள் பார்க்க வேண்டும். அவர் தனக்குக் காய் கூடுதலாக, சோறு குறைவாக வைத்துக்கொள்ள நினைக்கிறார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் மிஞ்சியிருப்பது சோறு மட்டும். வீணாக்க மனமின்றி அதையும் அவரே சாப்பிடுகிறார். பெண்ணின் தட்டில் முதலில் காய் விழட்டும், கணவன்மாரே, அதை நீங்களே பரிமாறுங்கள்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருசந்தி இருக்க வேண்டாம். மாத்திரையைப் போட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அதிகமாக இறங்கி, வியர்த்து மயங்கி விழ நேரலாம். திருச்சபைச் சட்டமும் ஒருசந்தியைத் திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான் கடமையாக்குகிறது. அதுவும் பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் வயது தொடங்காதவர் வரைக்கும்தான். நோயாளியை அது கட்டாயப்படுத்துவதில்லை.

உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தக்கோஸ்து வரை ஐம்பது நாள். அதில் மீதமிருக்கும் நாள்களுக்கு ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே கருவியில் எடை. தினமும் நடந்த நேரம். எதைச் சாப்பிட்டபோது உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி. எழுதத் தெரியாத பெரியவர்கள் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லலாம், பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போதும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரி வரும்போதும் அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.