மருத்துவச் செலவு யாருடையது?



அரசாங்க மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்று அழைத்த வழக்கம் நம்மிடம் நெடுநாள் இருந்தது. அங்கே நோயாளி பணம் கட்டுவதில்லை, மெய்தான். ஆயினும் ஊசிக்கும் மருந்துக்கும் செவிலியர் ஊதியத்துக்கும் எவரோ பணம் தந்தே இருக்கிறார். அவர் யார்?

கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூரில், சிப்காட் தொழிற்பேட்டையில் உழைத்த இளைஞர் ஒருவரை நான் அறிவேன். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை. மாதம் 16,000 ரூபாய். 2022ஆம் ஆண்டில் இயந்திரத்தில் அகப்பட்டு அவர் விரல் நசுங்கியது. அரசாங்க மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். இரண்டு வாரம் வேலையில்லை, கூலியும் இல்லை. "தர்மத்துக்குப் பார்த்தார்கள், ஐயா" என்று நன்றியோடு சொன்னார்.

அவருடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கென்று 120 ரூபாய் பிடித்திருந்தது! 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2019 ஜூலை முதல் தொழிலாளி தம் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கும், முதலாளி மூன்றேகால் பங்கும் செலுத்த வேண்டும் என்பது அன்றைய விதியாக இருந்தது. இவர் பங்கு 120 என்றால் முதலாளி பங்கு 520. மாதந்தோறும் 640 ரூபாய்! அது சிகிச்சைக்கு மட்டுமன்று. பணியிடத்தில் காயமுற்று வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடும் உண்டு. பிடித்த பணம் எங்கே போயிற்றோ, காப்பீட்டு எண்ணை மட்டும் எவரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே ஆலை ஏற்க வேண்டிய செலவு அரசாங்கக் கருவூலத்தின்மேல் விழுந்தது.

அக்கருவூலத்தை நிரப்புவோர் யார்? வருமான வரி கட்டுவோர் மட்டுமா? சந்தையில் சவர்க்காரக் கட்டி வாங்கும்போது அந்த இளைஞரும் சரக்கு சேவை வரி தருகிறாரே!

பொதுப்பணம் தாராளமாகச் செல்ல வேண்டிய இடமும் உண்டு. சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி அதில் இல்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடும் எங்கள் பக்கத்தில் அதன் அருமை தெரியும்.

இளைஞர் மறுநாளே ஒப்பந்தக்காரரிடம் எண்ணைக் கேட்டார், விடை வரவில்லை. ஒப்பந்தக்காரர் தவறினாலும் ஆலை முதலாளியே பொறுப்பு என்று அச்சட்டம் கூறியது. எனவே ஆலை அலுவலகத்துக்கே விண்ணப்பம் எழுதினோம். மூன்றாம் வாரத்தில் எண் வந்தது. இரண்டு வாரக் கூலிக்காக அவர் மேலும் இரண்டு மாதம் நடந்தார்.