துவைத்துப் போடும் ஃபில்டரா, காகித ஃபில்டரா?

"கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம், காசு மிச்சம்"னு நம்பி, என் டீசல் காருக்கு எண்ணெய் தடவின காட்டன் ஏர் ஃபில்டர் வாங்கினேன். காகித ஃபில்டர் சில நூறு ரூபாய்; இது சில ஆயிரம்.

பென்னாகரம் பக்கம் மண் ரோட்டுல ஓட்டி, சீக்கிரமே ஃபில்டர் செம்மண் நிறமாயிடுச்சு. கழுவிக் காயவெச்சு எண்ணெய் தடவினேன், கொஞ்சம் தாராளமாவே. அடுத்த வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏத்தத்துல வண்டி இழுக்கலை. பின்னாடி லாரி ஹாரன். இன்ஜின் விளக்கும் எரிஞ்சது.

மெக்கானிக் அண்ணன் கழட்டிக் காட்டினார். உள்ளே போற காற்றை அளக்கிற சென்சார் மேல எண்ணெய்ப் பசை. அளவு தப்பினா, டீசல் அளவும் தப்பும்.

சரி, எண்ணெயைக் குறைச்சா? காட்டன் இழையில் தூசியைப் பிடிச்சு நிறுத்துறதே அந்த எண்ணெய்தான். அது போதலைன்னா நுண்தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். காகிதத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

"பழைய டிராக்டர்ல ஆயில் பாத் ஃபில்டர் இருக்கே?"னு கேட்பீங்க. அதுல எண்ணெய் அடிக்கிண்ணத்துல நிக்குது. அதுக்கு இந்த சென்சாரும் கிடையாது.

அதனால நம்ம புழுதிக்குக் காகிதம்தான். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காம, முன்னாடியே மாத்துங்க. கம்ப்ரஸர் காத்தை பலமா அடிக்காதீங்க. காகிதத்துல விழுற சின்ன ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும்.