தலையெழுத்தும் மரபணுவும்

(நாகர்கோவிலை அடுத்த கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில் ஒரு தோழர் நம்மை நிறுத்தி, “அய்யா! என் தகப்பனாருக்கும் சர்க்கரை வியாதி, எனக்கும் சர்க்கரை வியாதி. முன்பு தலையெழுத்து என்றார்கள். இப்போது மரபணு என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். இக்கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால், நாம் இத்தனை காலம் தலையெழுத்தைக் கண்டித்துப் பேசியதெல்லாம் வீண்பேச்சே ஆகும். ஆதலால் வைட்டமின் டி என்னும் ஒரு சத்தை வைத்தே அதை விளக்குகின்றோம்.

குமரிமுனையில் சூரியோதயத்தைக் கும்பிட எவ்வளவு கூட்டம்! ஆனால் அந்த இளவெயிலில் இச்சத்து ஏறக்குறைய உண்டாவதே இல்லை. இதைத் தோலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிர், சூரியன் சாய்ந்திருக்கும்போது ஆகாயத்திலேயே தடைப்பட்டுப் போகிறது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாய் இருக்கும் நேரத்தில்தான் அது நன்றாய் வந்து சேர்கிறது. அந்நேரத்தில் வயலில் நாற்று நடுகிறவளும், குளச்சலில் வலை உலர்த்துகிறவனும் சூரியனைக் கும்பிடுவதில்லை. சத்து என்னவோ அவர்களுக்குத்தான்!

1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், எலும்பு மெலிந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் ஒளியில் வைத்தே குணப்படுத்திக் காட்டினார். நம் ஊரில் கால் வளைந்த குழந்தைக்கு முன்ஜென்மப் பாவம் என்று பரிகாரமல்லவா சொல்லியிருப்பார்கள்?

நிற்க. ஒரே வெயிலில் நின்றாலும் எல்லோர் இரத்தத்திலும் இச்சத்து ஒரே அளவில் இருப்பதில்லை. கருத்த தோலுக்கு அதிக நேரம் வேண்டும். அந்தக் கருப்பு வெயிலின் கொடுமையிலிருந்து நம்மைக் காக்கும் குடை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னும், இச்சத்தை உண்டாக்குவதிலும் இரத்தத்தில் சுமந்து செல்வதிலும் மரபணு வேற்றுமைகள் உண்டென்று, சுமார் 34,000 அய்ரோப்பியரைச் சோதித்து 2010இல் கண்டார்கள். இவ்வேற்றுமை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே உண்டு.

இச்சத்துக் குறைந்தவர்களிடம் பருமனும் சர்க்கரை வியாதியும் மிகுதியாய்க் காணப்பட்டன. உடனே, மாத்திரை விழுங்கினால் எல்லாம் தீரும் என்று ஒரு புது நம்பிக்கை கிளம்பிற்று. தீர்த்தம் போய் மாத்திரை வந்தால் அது பகுத்தறிவாகிவிடுமா? எது காரணம், எது காரியம் என்றல்லவா பார்க்க வேண்டும்?

சென்னையில் சர்க்கரை வியாதியின் மரபணுக்களை ஆராய்ந்து பின்பு இங்கிலாந்து சென்ற விமலேஸ்வரன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் அதைப் பார்த்தார்கள். சுமார் 42,000 பேரின் மரபணுக்களைக் கொண்டு 2013இல் அவர்கள் சொன்ன முடிவு என்ன? பருமன்தான் இச்சத்தைக் குறைக்கிறது. சத்துக் குறைவால் பருமன் வருவதாகத் தெரியவில்லை என்பதே. அமெரிக்காவில் சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 2,423 பேரில் பாதிப் பேருக்குச் சத்து மாத்திரையும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். சத்து உண்டவரில் 293 பேருக்கும், உண்ணாதவரில் 323 பேருக்கும் வியாதி வந்தது. இவ்வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று 2019இல் ஒளிக்காமல் சொன்னார்கள். 2023இல் இத்தகைய மூன்று சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், அப்படி வாசற்படியில் நிற்பவர்களுக்குச் சிறு பலன் உண்டென்று தெரிந்தது. அதையும் ஒளிக்கவில்லை. எந்தச் சோதிடன் தன் கணக்குத் தப்பியதை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறான்?

தோழரே, வித்தியாசம் இதுதான். தலையெழுத்தைப் படித்தவன் ஒருவனும் இல்லை. மாற்ற வழியும் இல்லை என்பார்கள். மரபணுவைப் படிக்கலாம், அது காட்டும் ஆபத்துக்கு எதிராய்க் காரியமும் செய்யலாம். தகப்பனுக்குச் சர்க்கரை என்றால் மகன் முன்னதாகவே இரத்தம் சோதிக்க வேண்டும், நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், தொந்தியைக் கரைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். வைட்டமின் டி குறைவென்று சோதனையில் தெரிந்தால் டாக்டர் சொன்ன அளவு மருந்து, கொஞ்சம் வெயில், சாளை மீன், முட்டை மஞ்சள் போதும். அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிக் கெடுதியாகும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மருந்தை இதற்காக ஒருவரும் நிறுத்திவிடாதீர்கள்.

பெண்களைப் பகலெல்லாம் வீட்டுக்குள் அடைத்து வைத்துவிட்டு, அவர்கள் எலும்பு வலிக்கு மந்திரித்த கயிறு கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்லுகின்றோம்: முதலில் கதவைத் திறந்துவிடுங்கள்!

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். விசாரித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் அதன்படி நடவுங்கள்.